ஷோகேஸில் வைத்த என் படம்

போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவருக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டேன். ஆனாலும் அறுபது வயது தாண்டும் வரைக்கும் என்னைத் தனியாக ஆசைப்பட்டு எடுத்த படம் என்று ஒன்று கிடையாது. கல்யாணத்தன்று எடுத்ததில் தலையைக் குனிந்திருப்பேன், வகிடுதான் தெரியும். ஆதார் கார்டில் இருக்கிற முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். யாரையோ பிடித்துக்கொண்டு போய் உட்கார வைத்த மாதிரி.

எனக்குக் கூச்சம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன். வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் தெரியும், குரல்தான் வராது. கல்யாணமாகி விருத்தாசலம் வந்த பிறகும் அது மாறவில்லை. கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை. அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றே என் காலம் போயிற்று. "சீப்பு கொண்டா", "பவுடர் டப்பா எங்க?" என்று அவர் கேட்டால் கையை மட்டும் வெளியே நீட்டுவேன். வழக்கமாக வருகிறவர்களுக்கு என் வளையல் தெரியும், முகம் தெரியாது.

அவர் போனதுக்கு அப்புறம் கடையை மருமகள் எடுத்துக்கொண்டாள். என் மகனுக்கு இதில் ஈடுபாடு கிடையாது. அவன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. மருமகள் கம்ப்யூட்டர் சென்டரில் படத்தைத் திருத்துகிற வேலை கற்றவள். மாமனாரிடம் காமிராவும் கற்றுக்கொண்டாள். வேகமாகப் பேசுவாள், வேகமாக நடப்பாள், தரையில் வைத்த பாத்திரத்தை எல்லாம் தட்டிவிட்டுப் போவாள். என்னோடு சண்டை போட்டதில்லை. சண்டைக்கு ரெண்டு பேர் வேண்டுமே.

அவள் எடுத்துக்கொண்ட நேரம் நல்ல நேரமில்லை. எல்லார் கையிலும் போன். கல்யாணக்காரர்கள் வெளியூரிலிருந்து பறக்கிற காமிராவோடு ஆள் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் கடைக்கு மிஞ்சினது பாஸ்போர்ட் சைஸ்தான். அதற்கும் நாளெல்லாம் காத்திருக்க வேண்டும். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் மருமகள் எழுந்து நிற்பாள். வந்தவர் தலையை உள்ளே நீட்டி, "ஜெராக்ஸ் எடுப்பீங்களா?" என்பார். "இல்லீங்க" என்பாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

அப்போதுதான் மகன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான். அவனுடைய கூட்டாளி திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். வந்தால் வேலை போட்டுத் தருகிறேன் என்கிறாராம். எங்கள் கட்டடத்துக்காரரிடம் செல்போன் கடை வைக்க ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

"தை வரைக்கும் பாப்போம்" என்றான். "கடை தன் கால்ல நின்னா இங்க இருப்போம். இல்லன்னா பொங்கல் முடிஞ்சதும் கெளம்பிடுவோம். கட்டடத்துக்காரருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

மருமகள் குழம்பை ஊற்றினாள். கரண்டி தட்டில் இடித்தது.

திருப்பூரில் அவர்களுக்குத் தெரிந்தவர்கள் லைன் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வரிசையாகப் பத்துக் கதவு, நடுவில் ஒரே குழாய், எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அங்கே எனக்கு ஒரு பச்சைத் திரை எங்கிருந்து வரும்? வர மாட்டேன் என்று சொல்லவும் எனக்குத் தெரியாது, வருகிறேன் என்று சொல்லவும் மனசு இல்லை. சாமி மாடத்துக்கு முன்னால் நின்று, இந்தப் பெண் கடையை நிறுத்திக்காட்டணும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அவளும் சும்மா இருக்கவில்லை. நோட்டீஸ் அடித்துப் பேப்பரோடு சேர்த்துப் போட வைத்தாள். குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாள் என்றால் ஒரு படம் சும்மா என்று போட்டிருந்தாள். மறுநாள் எதிர் டீக்கடையில் வடை வாங்கி வந்தான் மகன். எங்கள் நோட்டீஸில்தான் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். எண்ணெயில் எங்கள் கடைப் பெயர் பளபளவென்று தெரிந்தது.

"ஊரு பூரா போய்ச் சேந்துடுச்சு" என்றான் அவன். அவள் சிரிக்கவில்லை.

கடைக்குத் தவறாமல் வந்த வேலை ஒன்றே ஒன்று. சாவு வேலை. வயதானவர் யாராவது போய்விட்டால் அந்த வீட்டுப் பையன் ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு ஓடி வருவான். "அக்கா, இத பெருசு பண்ணிக் குடுங்கக்கா, பேனருக்கு அவசரம்." தபால் தலை அளவு முகம். கண் பாதி மூடியிருக்கும், வாய் கோணியிருக்கும். மருமகள் அதைப் பெரிசாக்கி, கண்ணைத் திறந்து, சட்டை போட்டுவிட்டு, பின்னால் நீல வானத்தை வைப்பாள். எவ்வளவு செய்தாலும் அந்த முகத்தில் ஒரு திகைப்பு போகாது.

"போனதுக்கு அப்பறம் ஓடி வராங்களே அத்தே" என்றாள் ஒருநாள். "இருக்கிறப்பவே கூட்டிக்கிட்டு வந்து சிரிக்கச் சிரிக்க ஒண்ணு எடுத்தா என்னா?" சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அவளுக்கு ஏதோ தோன்றிவிட்டது என்று தெரிந்தது. இனிமேல் வீட்டுப் பெரியவர்களைத்தான் எடுக்கப் போகிறாளாம். நல்ல வெளிச்சத்தில், நிதானமாக, குடும்பமே பார்த்து ஆசைப்படுகிற மாதிரி. அதற்கு ஷோகேஸில் வைக்க ஒரு மாதிரிப் படம் வேண்டும். ஒரு வயசானவங்க முகம்.

என்னைப் பார்த்தாள்.

"அய்யய்யோ, நான் மாட்டேன்" என்று திரைக்குப் பின்னால் போய்விட்டேன்.

அவள் கெஞ்சவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. கெஞ்சியிருந்தால் மறுத்துக்கொண்டே இருந்திருப்பேன். அவள் பேசாமல் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரோ ஒரு தாத்தாவின் கண்ணைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்தேன். தை நினைவு வந்தது. நானாகவே போய்ப் படம் எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

குடை விளக்கைப் போட்டதும் என் கழுத்து தானாக மடங்கிவிட்டது. "நிமிருங்க அத்தே." நிமிர்ந்தேன். "கண்ண தொறங்க." திறந்தேன். "சிரிங்க." அதுதான் வரவில்லை. பல்லைக் காட்டினால் சிரிப்பாகுமா? அவள் எடுத்து எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த நேரம் வாசலில் செருப்பு சத்தம். மருமகள் ஆசையோடு திரும்பினாள். ஒரு பெரியவர் தலையை நீட்டினார்.

"ஜெராக்ஸ் எடுப்பீங்களாம்மா?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பி ஒரு அமுக்கு அமுக்கினாள். அதுதான் அந்தப் படம்.

பெரிசாகப் போட்டுப் பிரேம் மாட்டி ஷோகேஸில் வைத்தாள். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் பட வேண்டுமென்று சுற்றிலும் சின்னச் சின்ன சீரியல் பல்பு போட்டாள். நான் அந்தப் பக்கமே பார்க்க மாட்டேன். வாசல் கூட்டப் போனால் ஷோகேஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டுவேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாம் நடந்தது. கோயிலில் ஒரு காதுகுத்து. படம் எடுக்க மருமகள் சீக்கிரமே கிளம்பினாள். மகன் காலை ஷிப்ட். நான் கடையில் தனியாக உட்கார மாட்டேன் என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள். ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டே, "அத்தே, வெள்ளிக்கெழமையில்ல, பூ போட்டுடுங்க. ஷோகேஸுக்கும் ஒரு மொழம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பூப் போடுவது அவர் காலத்து வழக்கம். சாமி படத்துக்கு, காமிராவுக்கு, இப்போது அவர் படத்துக்கு, கடைசியாக ஷோகேஸுக்கு. ஷோகேஸில் அதற்கென்று ஒரு ஆணி உண்டு. பூக்காரம்மா வந்ததும் வாங்கினேன். வரிசையாகப் போட்டேன். ஷோகேஸைத் திறந்து, என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு வேறே பக்கம் திரும்பிக்கொண்டு, கையால் தடவி ஆணியைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஆணியில்தான் மருமகள் என் படத்தைத் தொங்கவிட்டிருக்கிறாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? பாதி இறக்கிய ஷட்டர். பெரிய படம். சுற்றிலும் விளக்கு. மேலே மல்லிகைப் பூ.

என் பிறந்த ஊர் கம்மாபுரம் பக்கம். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர் இதைப் பார்த்திருக்கிறார். பஸ் நிற்கவில்லை. அவர் போன் போட்டு என் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் எனக்குப் போன் போட்டார். என் பட்டன் போன் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்தது. மகனுக்குப் போட்டார். அவன் வேலைக்கு உள்ளே போகும்போது போனை வெளியே வைத்துவிட்டுப் போவான். மருமகளுக்குப் போட்டார். காதுகுத்தில் மேளம் அடிக்கிற இடத்தில் அவளுக்கு எப்படிக் கேட்கும்? யாரும் எடுக்காததாலேயே அவர்களுக்கு உறுதியாகிவிட்டது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தெருவில் குட்டியானை வண்டி வந்து நிற்கிற சத்தம். உடனே ஒப்பாரி. பொம்பளைகள் நாலைந்து பேர் குரல். யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப் போய், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்துச் சந்து வழியாக வெளியே வந்தேன். எங்கள் கடை வாசலில் கூட்டம். எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஷோகேஸைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற அம்மாளின் தோளை லேசாகத் தொட்டு, "யாருங்க? எந்த வூட்டுல?" என்று கேட்டேன்.

"என் நாத்தனாரும்மா" என்றாள் அவள், திரும்பாமலே. "வாயில்லாப் பூச்சிம்மா. ஒரு நாளு ஒரு பொழுது எதுத்துப் பேசினதில்ல. எனக்கு இருக்கிறதே ஒரே நாத்தனாரு..."

குரலைக் கேட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அண்ணி" என்றேன்.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். ஷோகேஸைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். போட்டாள் பாருங்கள் ஒரு கத்தல், எதிர் டீக்கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

என் அண்ணன் ரோஜா மாலையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மாலையை வண்டியில் போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ இருக்கியா?" என்றார்.

"இருக்கேண்ணே."

"இருக்கிறவ எதுக்குடி பூ போட்டுக்கிட்டு தொங்குற?"

அப்போதுதான் முதல் முறையாக ஷோகேஸை நேராகப் பார்த்தேன். விளக்குக்கு நடுவில், பூவுக்குக் கீழே, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மடியில் ஒரு துணிப் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமலே தெரியும். பொம்பளை செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புடவை எடுத்துக்கொண்டு போய்ப் போர்த்த வேண்டும். கோடிப் புடவை. அந்த அவசரத்திலும் கடையில் இறங்கி எனக்குப் பிடித்த மாம்பழக் கலரில் எடுத்திருந்தார். நான் உயிரோடு இருந்தபோது எனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று அவர் கேட்டதே இல்லை. எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்.

அதற்குள் தெரு நிறைந்துவிட்டது. எல்லார் கண்ணும் என் மேல். எனக்குச் சந்துக்குள் ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அண்ணன் கையை விடவில்லை. டீ மாஸ்டர், "இத்தன பேருக்கும் டீ போடட்டுங்களா? துக்கத்துக்கா, சந்தோஷத்துக்கா?" என்று கேட்டார். "போடுய்யா, பொழைச்சதுக்குப் போடு" என்றார் அண்ணன்.

மருமகளுடைய ஸ்கூட்டி அந்த நேரம் தெருமுனையில் திரும்பியது. அவள் பார்த்தது என்ன? வாசலில் கூட்டம், அழுத முகங்கள், வண்டியில் மாலை. ஸ்கூட்டியை அப்படியே சாய்த்துவிட்டு, காமிராப் பை தோளில் ஆட, "அத்தே! அத்தே!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தவள் என் மேலே மோதி நின்றாள். நானும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுப் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்கு அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட்ட மூச்சு இன்னமும் என் காதில் இருக்கிறது.

ஆனால் விஷயம் புரிந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. கூட்டத்தில் ஒரு அம்மாள் தன் மகள் வளைகாப்புக்குப் படம் எடுப்பது பற்றிப் பேச வந்திருந்தாள். "இன்னொரு நாளு வரேம்மா" என்று சொல்லிவிட்டு, எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். யாரோ, "உசுரோட இருக்கிறவங்களுக்குப் பூவ போட்டு வெச்சிருக்காங்க, என்ன கடையோ" என்றது எங்களுக்கும் கேட்டது. ராசி இல்லாத கடை என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு ஒன்றுக்கும் ஒருத்தரும் படியேற மாட்டார்கள்.

மருமகள் பூவை அறுத்தெடுத்தாள். பல்பை அணைத்தாள். என் படத்தைக் கழற்றித் தலைகீழாகச் சுவரில் சாய்த்தாள். "தை வரைக்கும் எதுக்கு அத்தே. இப்பவே மூடிடலாம்" என்றாள். கண்ணில் தண்ணீர்.

எல்லாம் என் கூச்சத்தால் வந்தது. கண்ணைத் திறந்துகொண்டு பூ மாட்டியிருந்தால் இது நடந்திருக்காது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். சுவரில் சாய்த்த படத்தை எடுத்து நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நான் இவள எத்தினி வருஷமா பாக்குறேன்" என்றாள். "இந்தச் சிரிப்ப இன்னைக்குத்தான் பாக்குறேன். எங்கடி வெச்சிருந்த இத?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஏ பொண்ணு, எனக்கும் ஒண்ணு இதே மாதிரி எடு" என்றாள் மருமகளிடம்.

"சாவு படம்னு சொல்றாங்க பெரியம்மா."

"சொன்னா சொல்லட்டும். நான் போனா என் மவன் ஆதார் கார்டத்தான் தூக்கிக்கிட்டு ஓடுவான். அதுல நான் கோழி திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கேன். அந்த மூஞ்சியோடவா நான் செவுத்துல தொங்கணும்? எடு. ஆனா பிரேம் மட்டும் போடாத. பிரேம் போட்டா என் மருமவ வெள்ளிக்கெழமையானா பூவோட வந்துடுவா."

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் டீக் கப்பைக் கையில் வைத்திருந்தார். எங்கள் ஊரில் பீங்கான் பட்டறைகள் நிறைய, டீக்கடையில் பீங்கான் கப்புக்குப் பஞ்சமில்லை. சூளையில் கோணலாகப் போனதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். "பிரேமு வேணாம்னா அப்பறம் எதுல போடுறது? டீக் கப்புலயா?" என்றார்.

"கப்புல போடுங்களேன். கப்புக்கு எவன் மாலை போடுவான்?" என்றாள் அண்ணி.

அது சும்மா வாய்க்கு வந்த கேலிதான். ஆனால் மருமகள் அண்ணன் கையிலிருந்த கப்பையே பார்த்தாள். பெரியவர்களைப் படம் எடுக்கலாம் என்று தோன்றிய அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது மறுபடியும் வந்தது.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றாள். "வந்தது வந்தீங்க, ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க."

சாவுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தலையெல்லாம் கலைந்திருந்தது. நான் பழக்கத்தில் சீப்பையும் பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தேன். இந்த முறை திரைக்குள்ளிருந்து கை மட்டும் நீட்டவில்லை. அண்ணி நெற்றியைத் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டேன். அண்ணன் தலையை வாரினேன். என்னை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மடியில் கோடிப் புடவைப் பை. "சிரிங்க" என்று மருமகள் சொல்லவே இல்லை. வெளியே யாரோ "அய்யோ மாலை, மாலை!" என்று கத்தினார்கள். வண்டியில் கிடந்த ரோஜா மாலையைத் தெருவில் திரிகிற வெள்ளாடு ஒன்று ஏறி நின்று மேய்ந்துகொண்டிருந்தது. "திங்கட்டும் வுடு, நமக்கு எதுக்கு இனிமே" என்றார் அண்ணன். அப்போது எடுத்தாள்.

அந்தப் படத்தை அன்றைக்கே போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். கீழே இப்படி எழுதியிருந்தாள்: "எங்க அத்தை இறந்துட்டாங்கன்னு அழுதுகிட்டு வந்தவங்க. அத்தை நடுவுல உக்காந்திருக்காங்க."

எனக்கு முதலில் கோபம்கூட வந்தது. ஊருக்கே காட்டிவிட்டாளே என்று. ஆனால் அது எங்கெங்கோ போயிற்று. சேத்தியாத்தோப்பு சந்தையில் காட்டினார்களாம். மகன் வேலை செய்கிற இடத்தில் அவனுக்கே யாரோ காட்டினார்களாம், "இந்தக் கூத்தப் பாத்தியா" என்று. அவன் வீட்டுக்கு வந்து என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்க" என்றான். அவ்வளவுதான் பேசினான். சாப்பிடும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

ராசி இல்லாத கடை என்று பேராகிவிடும் என்று பயந்தோம். ஜனங்கள் அதை வேறே மாதிரி எடுத்துக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிறவரைச் செத்துவிட்டதாகச் செய்தி பரவினால் அவருக்கு ஆயுசு கூடும் என்பார்கள் இல்லையா. அந்த நம்பிக்கை எங்களுக்கு உதவியது. டீ மாஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எமன் வாசல் வரைக்கும் வந்து டீ குடிச்சுட்டுத் திரும்பிப் போன கடைங்க அது. அங்க போய் ஒரு படம் எடுத்துக்கிட்டா ஆயுசு கெட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் அடித்த நோட்டீஸெல்லாம் செய்யாததை அந்த மனுஷன் வாய் செய்தது. வளைகாப்பு அம்மாளே முதலில் வந்தாள், தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு.

மருமகள் பீங்கான் பேட்டைக்குப் போனாள். அங்கே சின்னப் பட்டறை ஒன்றில் கப்பில் பூப்படம் ஒட்டிச் சூளையில் வைத்து எடுக்கிறார்கள். பூவுக்குப் பதில் முகத்தை ஒட்டிச் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாள். பட்டறைக்காரம்மா பார்க்கலாம் என்றாளாம். முதல் தடவை அண்ணன் முகத்தைத்தான் வைத்தார்கள். சூட்டில் நிறம் மாறி, கப்பில் எங்கள் அண்ணன் பச்சையாக வந்தார். பாசி பிடித்த மாதிரி. மருமகள் தூக்கிப் போடப் போனாள். அண்ணனுக்குத் தெரிந்து, "அத எனக்குக் குடு, பச்சையா இருந்தாலும் நான்தான" என்று வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் அதில்தான் காப்பி குடிக்கிறார்.

பிறகு நிறம் சரியாக வந்துவிட்டது. ஷோகேஸில் பிரேம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கப்புகளாக அடுக்கினாள். ஒவ்வொரு கப்பிலும் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்குப் பயம் வரவில்லை. மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பாய் வீட்டு அம்மா வந்து, துபாயில் இருக்கிற மகனுக்கு அனுப்ப வேண்டுமென்று தன்னை எடுத்துக்கொண்டார்கள். "டெய்லி காலைல என் மூஞ்சிலதான் முழிக்கணும் அவன்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தக் கப்பு அங்கே போய்ச் சேர்ந்ததும், அவனோடு ரூமில் இருக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் அம்மாவை எங்கள் கடைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். ஸ்டூலில் உட்கார்ந்ததும் கழுத்து மடங்கிவிடும். மருமகள் "நிமிருங்க" என்று சொன்னால் இன்னும் சுருங்குவார்கள். அதனால் நான் எதிரில் போய் நிற்பேன். ஒன்றும் பெரிதாகச் செய்ய மாட்டேன். "எந்த ஊரு நீங்க?" என்று கேட்பேன். என் குரல் சின்னது, கேட்க வேண்டுமென்றால் அவர்கள் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

மார்கழி முழுக்கக் கடையில் ஆள் இருந்தது. ஆனாலும் மகன் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் திருப்பூர் என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

போகியன்று அண்ணி வந்தாள். வந்தவள் என் அலமாரியைத் திறந்து, தொடாமல் வைத்திருந்த கோடிப் புடவையை எடுத்தாள். அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாமல் இருந்தது. பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது, கட்டிக்கொள்ளவும் மனசு ஒப்பவில்லை.

"மஞ்சத் தண்ணில ஒரு நனை நனைச்சுக் காயப்போட்டா புதுப் பொடவதான்" என்றாள். "உங்கண்ணன் உனக்குன்னு பாத்து எடுத்தாரு. நீ கட்டிப் பாக்காம போயிட்டன்னா அவருக்குத்தான் கஷ்டம்." அவளே நனைத்து, அவளே காயப்போட்டாள்.

பொங்கலன்று அதைக் கட்டிக்கொண்டேன். மாம்பழக் கலர். மருமகள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காமிராவைத் தேடினாள், நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காலை கட்டடத்துக்காரர் வந்தார். மகன் கடை வாசலில் நின்றிருந்தான். மருமகள் கம்ப்யூட்டர் முன்னால், ஆனால் கை ஓடவில்லை. நான் பச்சைத் திரைக்குப் பின்னால். திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா, தை பொறந்துடுச்சு. அந்த செல்போன் கடைக்காரனுக்கு என்னா சொல்லட்டும்?" என்றார் அவர்.

மகன் ஷோகேஸைப் பார்த்தான். "வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க" என்றான். "நாங்க இங்கதான் இருக்கோம்."

மருமகள் கை மறுபடியும் ஓட ஆரம்பித்தது. டக் டக் என்று அந்தச் சத்தம். திரைத் துணியைக் கசக்கிப் பிடித்திருந்த என் கை தளர்ந்தது.

டீ போட்டுக்கொண்டு முன்பக்கம் போனேன். கட்டடத்துக்காரருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. எனக்கு என் கப்பு. அதில் நான் சிரிக்கிற படத்தைப் போட்டுப் பொங்கலுக்கு மருமகள் தந்திருந்தாள். கைப்பிடியை இடது கைக்கு மாற்றிப் பிடித்தால் படம் அந்தப் பக்கம் போய்விடும், என் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பேன். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. "ஜெராக்ஸ் எடுப்பீங்களா?" என்று ஒரு குரல். மருமகள் வேலையில் இருந்தாள்.

"இல்லீங்க, இங்க போட்டோ எடுப்போம்" என்றேன் நான்.